8வது வாரம், ரத்தம் படுது, ஹார்ட்பீட் இருக்குங்கறாங்க, ஆனா பயம் என்னை விடவே மாட்டேங்குது

கொடிமுல்லை:

அக்கா தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னிக்குத்தான் எழுதறேன், பெருசா இருக்கும், மன்னிச்சுக்கோங்க.

எனக்கு 29 வயசு, ஈரோடு பக்கம், கல்யாணமாகி 4 வருசம் ஆச்சு. இது மூணாவது தடவை. முதல்ல 7 வாரத்துல தானா கலைஞ்சிருச்சு. ரெண்டாவது 10 வாரத்துல ஸ்கேனுக்குப் போனப்ப ஹார்ட்பீட் இல்லைன்னு டிஎன்சி (கர்ப்பப்பையைச் சுத்தம் பண்றது) பண்ணாங்க. இப்ப 8 வாரம் 2 நாள். 6வது வாரத்துல இருந்து பிரவுன் கலர்ல படுது, போன வியாழக்கிழமை நல்ல சிவப்பாவே பட்டுருச்சு, ஓடிப்போயி ஸ்கேன் பாத்தோம். ஹார்ட்பீட் இருக்கு, பக்கத்துல சின்னதா ரத்தக்கட்டு இருக்கு, கர்ப்பவாய் மூடித்தான் இருக்கு, பாப்போம்னாங்க. சஸ்டன்னு புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மாத்திரையை உள்ள வெக்கச் சொல்லியிருக்காங்க, ரெஸ்ட்ல இருங்கன்னாங்க, அடுத்த ஸ்கேன் 10வது வாரத்துல.

உடம்பை டாக்டர் பாத்துக்குவாங்க. நான் கேக்க வந்தது மனசைப் பத்தி.

ஒரு நாளைக்கு 25, 30 தடவை பாத்ரூம் போறேன். யூரின் வந்து போறதில்ல, பேடைப் பாக்கத்தான் போறேன். எங்க பாத்ரூம்ல மஞ்ச பல்பு, அதுல பிரவுனா சிவப்பான்னு தெரிய மாட்டேங்குது, அதனால செல்போன் டார்ச் அடிச்சு அடிச்சுப் பாக்கறேன். ராத்திரி 2 மணிக்கு, 3 மணிக்கு, 4 மணிக்குன்னு எந்திரிச்சுப் போறேன். பாத்துட்டு வந்து படுத்தா அஞ்சு நிமிசத்துல ஏதோ ஈரமா இருக்கற மாதிரியே இருக்கும், திரும்பப் போவேன். அது அந்த மாத்திரை கரைஞ்சு வர்றதுதான்னு எனக்கே தெரியும், ஆனா பாக்காம இருக்க முடியல.

அத்தை நல்லவங்க, தப்பு சொல்லக் கூடாது. கட்டில் கால்மாட்டுல ரெண்டு ரெண்டு செங்கல் வெச்சு தூக்கி விட்டிருக்காங்க, ஒரு டம்ளர் கூட எடுக்க விடறதில்ல. நாள் முழுக்க ஃபேனைப் பாத்துட்டு படுத்திருக்கேன். வர்றவங்க போறவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான், டென்ஷன் ஆகாத கண்ணு, நீ பயந்தா அது குழந்தைக்குத்தான் ஆகாதுன்னு. அதைக் கேட்டதுல இருந்து பயந்துட்டு இருக்கேனேன்னு அதுக்கும் சேத்து பயப்படறேன். போன தடவை நான் அழுதுட்டே இருந்தேன், அதனாலதான் போயிருச்சோன்னு தோணுது.

இன்னொண்ணு, இதை எழுதவே கை நடுங்குது, இந்தக் குழந்தை மேல எனக்கு ஆசையே வர மாட்டேங்குது. வயித்துல கை வெக்கறதில்ல. போன தடவை பேர் எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன். இந்தத் தடவை எப்படியும் போகத்தான் போகுதுன்னு மனசு ரெடியா உக்காந்திருக்கு. நான் என்ன தாய்?

வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலை, வாரம் ஒருக்கா வர்றார். அவர்கிட்ட சொன்னா அவரும் உடைஞ்சு போவார்னு சொல்றதில்ல. அடுத்த மாசம் ஓரகத்திக்கு வளைகாப்பு வேற.

இப்படி யாருக்காவது இருந்துச்சா? அடுத்த ஸ்கேன் வரைக்கும் எப்படி நாளை ஓட்டுனீங்க? இதுக்கெல்லாம் மனநல டாக்டரைப் பாக்கறது சரியா? மாத்திரை குடுத்தா குழந்தைக்கு ஆகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ரோஜாமொட்டு:

சிஸ் நானும் இதே நிலைமைதான், 11 வாரம், ஒரு தடவை போயிருக்கு. டார்ச் அடிச்சுப் பாக்கறதைப் படிச்சதும் அழுதுட்டேன், நான் மட்டும்தான் இப்படின்னு நினைச்சிட்டு இருந்தேன். எங்க வீட்ல பாத்ரூம் பல்பை வெள்ளை எல்இடியா மாத்தச் சொல்லிட்டேன், காரணம் யாருக்கும் தெரியாது. உங்களுக்காக வேண்டிக்கறேன்.


வளர்மதி_68:

கவலைப்படாதே மகளே, எல்லாம் நல்லதே நடக்கும். கெட்டதை நினைக்காதே, நினைப்புதான் நடக்கும். பப்பாளி, அன்னாசி, எள்ளு பக்கமே போகாதே. எந்திரிக்காமல் 3 மாசம் படுத்தே இரு. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகைக்கு நேர்ந்துக்கோ, தாய் பாத்துப்பா.


ராஜி_மதுரை:

கொடிமுல்லை, உங்களுக்கு எழுதணும்னுதான் ரெண்டு வருசம் கழிச்சு பாஸ்வேர்டு தேடி லாகின் பண்ணேன்.

முதல்ல மேல அம்மா சொன்னதுக்கு. அம்மா தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க பாசத்துலதான் சொல்றீங்க. ஆனா நினைப்புதான் நடக்கும்ங்கற அந்த ஒரு வார்த்தை எங்களை மாதிரி பிள்ளைகளை என்ன பண்ணும்னு நான் அனுபவிச்சிருக்கேன். எனக்கு மூணு தடவை போச்சு. மூணு தடவையும் நான் என்ன நினைச்சேன், எந்த நேரத்துல நினைச்சேன், எந்த நினைப்பு கொன்னுச்சுன்னு கணக்குப் பாத்தே ஒன்றரை வருசம் போச்சு. அது அவ்ளோ பெரிய பாவச்சுமை, தயவுசெஞ்சு கர்ப்பமா இருக்கற பிள்ளைங்க தலையில அதை வைக்காதீங்க.

முதல் மூணு மாசத்துல கலையுறதுல பாதிக்குப் பக்கம் குரோமோசோம் கோளாறு, அதாவது கரு உருவான அன்னிக்கே முடிவாயிருக்கும். நீங்க அழுததுனால இல்ல தங்கம், மாடிப்படி ஏறுனதுனால இல்ல, ஒரு துண்டு பப்பாளியால இல்ல. எங்க டாக்டரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க, பயந்தா கரு கலையும்னா போர் நடக்கற ஊர்ல ஒரு பிள்ளை பொறந்திருக்காதும்மான்னு. அன்னிக்குத்தான் நான் முதல் தடவையா மூச்சு விட்டேன்.

இப்ப நாலாவது தடவை எப்படி ஓட்டுனேன்னு சொல்றேன். எனக்கும் 6 வாரத்துல இருந்து 13 வாரம் வரைக்கும் பட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. ஸ்கேன் ரூம் வாசல்ல கால் வைக்க முடியாது எனக்கு. ஏன்னா ரெண்டாவது தடவை ஸ்கேன் எடுத்தவங்க நல்லா பேசிக்கிட்டே இருந்தாங்க, எந்த ஊரு, என்ன வேலைன்னு, திடீர்னு பேச்சை நிறுத்திட்டாங்க. ஸ்கிரீனை அவங்க பக்கம் திருப்பிக்கிட்டாங்க. ஒரு வார்த்தை இல்ல. வயித்துல அந்த ஜெல்லு சில்லுனு இருக்கு, நான் கூரையைப் பாத்துக்கிட்டு கிடக்கேன், அப்பறம் வெளிய உக்காருங்க டாக்டர் சொல்லுவாங்கன்னாங்க. அந்த 40 நிமிசம் பெஞ்சுல பக்கத்துல எல்லாம் வயிறு தள்ளிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அதுக்கப்பறம் எனக்கு டெட்டால் வாசம் வந்தாலே நெஞ்சு அடிக்கும், கை வேர்க்கும். இதுக்கு ஒரு பேர் இருக்குன்னு எனக்குத் தெரியாது, மனநல டாக்டர்தான் சொன்னாங்க. பெரிய விபத்துல தப்பிச்சவங்களுக்கு வர்ற அதிர்ச்சி நோய் இருக்குல்ல, அதேதான் இதுவும்னு.

அவங்க காட்டுன ஒரு ஆய்வு எனக்கு மறக்கல. லண்டன்ல இம்பீரியல் காலேஜ் எடுத்தது, 2020ல வெளியாச்சு. ஆரம்பத்துலயே கர்ப்பத்தை இழந்த பெண்கள்ல 29 சதவீதம் பேருக்கு ஒரு மாசம் கழிச்சு அந்த அதிர்ச்சியோட அறிகுறி இருந்திருக்கு, 9 மாசம் கழிச்சும் 18 சதவீதம் பேருக்கு இருந்திருக்கு. நினைச்சுப் பாருங்க, 9 மாசம்னா பலபேர் அடுத்த கர்ப்பத்துலயே இருப்பாங்க. நீங்க இப்ப இருக்கறது அந்த இடம்தான். போன தடவை பட்ட காயம் ஆறாமலேயே இந்தத் தடவை ஆரம்பிச்சிருச்சு, பயம் வராம என்ன செய்யும்.

எனக்கு உதவுனது சொல்றேன், உங்களுக்கு எது சரிப்படுதோ எடுத்துக்கோங்க.

ஸ்கேன் எடுக்கறவங்ககிட்ட உள்ள போனதுமே என் வீட்டுக்காரர் சொல்லிருவார், மேடம் இவளுக்கு மூணு தடவை போயிருக்கு, முதல்ல ஹார்ட்பீட் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க, மத்த அளவெல்லாம் அப்பறம் எடுங்கன்னு. ஒருத்தர் கூட முடியாதுன்னு சொல்லல. நாம கேக்காம விட்டா அவங்க பாட்டுக்கு அளவெடுத்துக்கிட்டே இருப்பாங்க, நமக்கு இங்க உசுரு போயிரும்.

ரெண்டு வாரம் என்னால தாங்க முடியலன்னு டாக்டர்கிட்ட நேரா சொன்னேன். 12 வாரம் வரைக்கும் வாரம் ஒருக்கா வாங்க, ரெண்டு நிமிசம் பாத்துட்டு அனுப்பிருவேன்னாங்க. நீங்களும் கேளுங்க. கேக்கறது தப்பில்ல.

பாத்ரூம் விஷயம். எனக்கும் அதே கணக்குதான். கவுன்சிலர் என்ன செஞ்சாங்கன்னா பாக்காதேன்னு சொல்லவே இல்ல. யூரின் வர்றப்ப மட்டும் பாரு, பாத்ததை ஒரு நோட்டுல நேரமும் கலரும் எழுதி வை, டாக்டர்கிட்ட காட்டலாம்னாங்க. நடுவுல தோணுச்சுன்னா 10 நிமிசம் தள்ளிப் போடு, அந்த 10 நிமிசம் கையால ஏதாவது செய்யின்னாங்க. நான் பூ கட்டுனேன். எங்க தெருவுல மல்லிகைப்பூ உதிரியா வாங்கித் தரச் சொல்லி படுத்த எடத்துலயே கட்டிக்கிட்டு கிடப்பேன், நார்ல முடிச்சு போடறப்ப கண்ணும் கையும் அங்கதான் இருக்கணும், வேற நினைப்பு வராது. 30 தடவை போனது மூணு வாரத்துல 12 ஆச்சு. ஒரேயடியா நிக்கல, ஆனா ராத்திரி தூங்குனேன்.

படுத்தே கிடக்கறதைப் பத்தி உங்க டாக்டர்கிட்ட திரும்பக் கேளுங்க. ரெஸ்டுன்னா வெயிட் தூக்காதே, அலையாதேன்னுதான் அர்த்தமா, இல்ல எந்திரிக்கவே கூடாதான்னு. எங்க வீட்லயும் செங்கல் வச்சாங்க. அந்த ஆறு வாரம்தான் என் மனசு முழுசா உடைஞ்சது, கர்ப்பத்தால உடையல, அந்தக் கட்டிலால உடைஞ்சது.

ஆசை வரலைங்கறது பத்தி, தங்கம், அது ஆசை இல்லாம இல்ல. சூடு பட்ட கை நெருப்புப் பக்கம் போக மாட்டேங்குது, அவ்ளோதான். எனக்கு என் பொண்ணு மேல ஆசை வந்தது அவ பொறந்து மூணு வாரம் கழிச்சு, ஒரு நாள் சாயங்காலம் கொட்டாவி விட்டா, அப்ப வந்துச்சு. அவளுக்கு இப்ப ரெண்டு வயசு. ஆசை லேட்டா வந்ததால அவளுக்கு ஒண்ணும் குறையல.

மனநல டாக்டரைப் பாக்கறது சரியான்னு கேட்டீங்க. நான் பாத்தேன். மதுரையில கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஓபியிலதான். சீட்டு வாங்கி நிக்கறப்ப யாராவது தெரிஞ்சவங்க பாத்துருவாங்களோன்னு முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு நின்னேன், உள்ள போயி உக்காந்ததும் அரை மணி நேரம் அழுதேன், அவங்க ஒரு தடவை கூட அழாதேன்னு சொல்லல. அதுக்கே கும்பிடணும்.


ஜெயா_ஸ்டாஃப்நர்ஸ்:

நான் பிரசவ வார்டுல 14 வருசமா இருக்கேன். டாக்டர் இல்ல, அதனால உங்க டாக்டர் சொல்றதுதான் முதல்ல. சில விஷயம் மட்டும் சொல்றேன்.

கர்ப்பத்தோட ஆரம்பத்துல ரத்தம் படறது நாலுல ஒருத்தருக்கு இருக்கும். கர்ப்பவாய் மூடியிருந்து ஹார்ட்பீட்டும் தெரிஞ்சிருச்சுன்னா அதுல பெரும்பாலானவங்களுக்கு கர்ப்பம் தொடரும். பிரவுன்னா பழைய ரத்தம், ரத்தக்கட்டு மெல்ல கரைஞ்சு வர்றதும் அப்படித்தான் இருக்கும். பல வாரம் கூட வரலாம்.

நீங்க வெக்கற புரோஜெஸ்டிரோன் பத்தி சந்தேகம் வேண்டாம். இங்கிலாந்துல 4 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை வச்சு எடுத்த பெரிய ஆய்வு 2019ல வந்துச்சு, அதுல எல்லாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியல, ஆனா ஏற்கனவே கலைஞ்சு இப்பவும் பிளீடிங் இருக்கறவங்களுக்கு பலன் தெரிஞ்சது. நீங்க அந்த வகையில வர்றீங்க. ஆனா முழு பெட் ரெஸ்ட் கருவைக் காப்பாத்தும்ங்கறதுக்கு ஆதாரம் கிடையாது. அசையாம கிடந்தா கால்ல ரத்தம் உறையறது, மலச்சிக்கல், மனசு சோர்வு, இதுதான் மிச்சம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு வீட்டுக்குள்ள நடங்க, குளிங்க, வாசல்ல போயி உக்காருங்க.

ஆனா இதெல்லாம் இருந்தா நேரம் பாக்காம ஆஸ்பத்திரி வந்துருங்க: ஒரு மணி நேரத்துல ரெண்டு பேடு முழுசா நனையற அளவு ரத்தம், கட்டி கட்டியா வர்றது, தாங்க முடியாத வலி, மயக்கம், காய்ச்சல். கையில காசு, பைல் எல்லாம் ஒரே பையில எடுத்து வச்சுக்கோங்க. இது பயமுறுத்தச் சொல்லல. எதுக்கு ஓடணும் எதுக்கு ஓட வேண்டாம்னு தெளிவா தெரிஞ்சாலே பாதி பயம் குறையும்னு நான் வார்டுல பாத்திருக்கேன். உங்க ரத்த வகை நெகடிவ்னா ஆன்டி டி ஊசி வேணுமான்னு மறக்காம கேளுங்க.

மனநல மாத்திரை பத்தி: கர்ப்பத்துல குடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கு, டாக்டர் நல்லது கெட்டது எடை போட்டுத்தான் குடுப்பாங்க, எல்லாருக்கும் மாத்திரையும் தேவைப்படாது, பேச்சு வைத்தியமே நிறைய பேருக்குப் போதும். ஏற்கனவே மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, கர்ப்பம்னு தெரிஞ்சதும் தானா நிறுத்திடாதீங்க, அதுதான் ஆபத்து. முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க.

எடின்பரோ அளவுகோல்னு 10 கேள்வி உண்டு, 1987ல பிரசவத்துக்கு அப்புறம் பாக்கறதுக்குன்னு வந்தது, இப்ப கர்ப்பத்துலயும் கேக்கறாங்க, தமிழ்லயும் இருக்கு. போன 7 நாள் எப்படி இருந்தீங்கன்னுதான் கேப்பாங்க, சிரிக்க முடிஞ்சதா, காரணமில்லாம பயந்தீங்களா, தூக்கம் வரலையான்னு. கடைசி கேள்வி உங்களை நீங்களே காயப்படுத்திக்க தோணுச்சான்னு. அந்தக் கேள்விக்கு யாருக்காவது லேசா ஆமான்னு வந்தா கூட அன்னிக்கே ஒருத்தர்கிட்ட சொல்லணும். அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, 24 மணி நேரமும் இருக்கு, காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது. நம்ம தமிழ்நாட்டு 104 ஹெல்ப்லைன்லயும் மனசு சம்பந்தமா பேசலாம். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில மனநல ஓபி இருக்கும்.

வேலைக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. கரு கலைஞ்சா 6 வாரம் சம்பளத்தோட லீவு 1961 சட்டத்துல இருந்தே உண்டு, கர்ப்பத்தால உடம்பு முடியலைன்னா தனியா ஒரு மாசம் வரைக்கும் உண்டு. கம்பெனியில நிறைய பேர் இதைச் சொல்றதே இல்ல, டாக்டர் சர்டிபிகேட்டோட கேளுங்க.


முத்து_87:

இது பெண்கள் பேசற இடம், எழுதலாமான்னு யோசிச்சேன். ஆனா தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட சொல்றதில்லைன்னு எழுதினதைப் பாத்துட்டு சும்மா போக முடியல.

என் மனைவியும் அப்படித்தான் என்கிட்ட சொல்லாம இருந்தா. நானும் அவ முன்னாடி தைரியமா இருக்கணும்னு எதையும் காட்டிக்கல. பைக்கை நிறுத்திட்டு ஆஸ்பத்திரி ஸ்டாண்ட்லயே நின்னு அழுதுட்டு முகம் கழுவிட்டு உள்ள போவேன். அவ என்ன நினைச்சிருக்கான்னா, இவருக்கு எதுவுமே இல்ல, நான் மட்டும்தான் இழந்தேன்னு. ஒரு வருசம் அப்படியே ஒரே வீட்ல ரெண்டு பேரும் தனித்தனியா அழுதிருக்கோம். அவகிட்ட எனக்கும் பயமா இருக்குன்னு நான் சொன்ன அன்னிக்குத்தான் அவ என் தோள்ல சாஞ்சு தூங்கினா.

அவர் உடைஞ்சு போவார்னு பயப்படாதீங்கம்மா. அவர் ஏற்கனவே உடைஞ்சுதான் இருப்பார், திருப்பூர்ல ரூம்ல தனியா. சொல்லுங்க. அடுத்த ஸ்கேனுக்கு லீவு போட்டுட்டு வரச் சொல்லுங்க, அவருக்கு அது ஒரு வேலையா இருக்கும், ஏதாவது செய்ய முடிஞ்சா எங்களுக்கும் மனசு நிக்கும்.


வதனி_யாழ்:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எனக்கு ரெண்டு தரம் நாலரை மாதத்தில போனது. மூன்றாம் முறை 13 கிழமையில (வாரத்தில) கர்ப்பப்பை வாசலுக்குத் தையல் போட்டவை. அந்தத் தையலை முதன்முதல் செய்த ஆக்களில ஒருத்தர் மும்பையில இருந்த ஷிரோத்கர் எண்ட டொக்டராம், 1955இல. எங்கட பக்கத்து ஆள் ஒருத்தர் கண்டுபிடிச்சது எண்டு கேக்க ஏனோ எனக்கு அப்ப ஒரு ஆறுதல்.

எங்கட ஊரில குடும்பநல மாது, அதான் அரசாங்க மருத்துவிச்சி, வீட்டுக்கு வருவா. அவ கிளினிக் கொப்பியில நிறை, பிரஷர் எல்லாம் எழுதிப்போட்டு எழும்ப வெளிக்கிட்டவ, என்ர முகத்தைப் பாத்திட்டு திரும்ப இருந்து, நித்திரை கொள்ளுறியா பிள்ளை எண்டு கேட்டா. அவ்வளவுதான் கேட்டது. நான் அப்பிடியே கொட்டித் தீத்தன். அதுவரைக்கும் எல்லாரும் வயித்தைப் பற்றித்தான் கேட்டவை, என்னைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல. அவதான் 1926 நம்பரைத் தந்தவ, இலங்கையில மனநல உதவிக்கு எடுக்கிற இலக்கம், இங்க ஆரும் வாசிச்சா வச்சிருங்கோ.

உங்களுக்கு நான் ஒரு விசயம் கேக்கிறன், கோவிக்காதேங்கோ. போன ரெண்டு பிள்ளையளுக்கும் அழுது முடிச்சிட்டீங்களோ? எங்களுக்கு இதுக்கு ஒரு சடங்கும் இல்லையே. எட்டுச் செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, ஒருத்தரும் துக்கம் விசாரிக்க வாறேல்ல. அடுத்தது வரும் எண்டு சொல்லிப்போட்டு போயிடுவினம். நான் ரெண்டு செவ்வந்திக் கண்டு வாங்கி கிணத்தடியில வச்சன், ரெண்டு பிள்ளைக்கும் ஒவ்வொண்டு. பிறகுதான் மூன்றாவதை வேற பிள்ளையா நினைக்க ஏலுமா இருந்தது. அதுக்கு முதல் மூண்டும் ஒண்டாத்தான் கிடந்தது என்ர மனசில.

வளைகாப்புக்குப் போகாட்டிலும் பாவமில்லை. உடம்பு சரியில்லை எண்டு சொல்லுங்கோ, அது பொய்யும் இல்லை.


வளர்மதி_68:

ராஜி மகளே, நீ எழுதியதை ரெண்டு முறை படித்தேன். எனக்கும் 1991ல் ஒன்று போனது, அஞ்சு மாசம். என் மாமியார் நீ கிரகணத்தில் காய் நறுக்கினாய் அதனால்தான் என்றார்கள். இத்தனை வருசமாக அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். என் மகளுக்கும் இதையேதான் சொல்லியிருப்பேன். நினைப்புதான் நடக்கும் என்று சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கொடிமுல்லை, சாமியை மட்டும் விடாதே, அது உனக்கு ஆறுதல் தந்தால்.


கொடிமுல்லை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. வளர்மதி அம்மா, உங்க ரெண்டாவது பதிவைப் படிச்சிட்டு அத்தைக்கு சத்தமா படிச்சுக் காட்டுனேன். அவங்க ஒண்ணும் சொல்லாம கேட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு எனக்கும் உன் புருசன் பொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தங்கல கண்ணுன்னாங்க. நாலு வருசமா ஒரே வீட்ல இருக்கோம், எனக்கு இது தெரியாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவருக்கு ஃபோன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன், டார்ச் அடிக்கறது, ஆசை வரலைன்னு எல்லாம். அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், நான் டெய்லி காலைல எந்திரிச்சதும் உன் கிட்ட இருந்து மிஸ்டு கால் இருக்கான்னு பயந்துட்டேதான் ஃபோனைப் பாப்பேன்னார். முத்து அண்ணா, நீங்க சொன்னது சரிதாங்ணா. சனிக்கிழமை காலைல முதல் பஸ்ஸுலயே வந்துட்டார்.

டாக்டர்கிட்ட ஃபோன்ல கேட்டோம். வீட்டுக்குள்ள நடக்கலாம், மாடிப்படியும் வெயிட்டும்தான் வேண்டாம், செங்கல் எல்லாம் நான் சொல்லவே இல்லையேன்னாங்க. அவரே செங்கலை எடுத்து வாசல்ல போட்டார். திங்கக்கிழமை 14416க்கு கூப்பிட்டேன், ஒரு பொண்ணு பேசுனாங்க, 25 நிமிசம், ஈரோடு பெரியாஸ்பத்திரியில மனநல ஓபி நேரம் எல்லாம் சொன்னாங்க. நாளைக்குப் போறோம். அத்தையும் வர்றேங்கறாங்க.

நேத்து மறுபடியும் கொஞ்சம் பட்டுச்சு, பிரவுன்தான். நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், 4.20, பிரவுன், ரூபாய் நாணயம் அளவுன்னு. எழுதினதுக்கப்புறம் ஜெயா அக்கா சொன்ன லிஸ்டைப் பாத்தேன், அதுல எதுவும் இல்ல, அதனால படுத்துட்டேன். ஆறு மணிக்குத்தான் திரும்பப் போனேன்.

வதனி அக்கா, நீங்க கேட்டதுக்கு இன்னும் பதில் இல்லீங்க. இல்ல, அழுது முடிக்கல. முதல் ஸ்கேன் ஃபோட்டோ ரெண்டும் பீரோவுல சேலைக்கு அடியில இருக்கு, எடுக்க இன்னும் தைரியம் வரல.

ஸ்கேன் வர்ற வியாழக்கிழமை காலைல 11 மணிக்கு. அவரை முதல்லயே சொல்லச் சொல்லியிருக்கேன், ஹார்ட்பீட்டை மட்டும் முதல்ல சொல்லுங்கன்னு.


ரோஜாமொட்டு:

சிஸ் எனக்கும் அதே வியாழக்கிழமைதான், 12 மணிக்கு. நீங்க வெளிய வந்ததும் ஒரு வார்த்தை போடுங்க, எதுவா இருந்தாலும் போடுங்க. நான் வெயிட்டிங் ஹால்ல ஃபோனைப் பாத்துட்டுத்தான் உக்காந்திருப்பேன்.